பற்றரிக்குத் தடை, பீரங்கிக்கு உரிமம்

2024 பெப்ரவரி 23. உக்ரேன் போருக்கு இரண்டு ஆண்டு நிறைய ஒரு நாள் இருந்தது. அன்று பிரசெல்ஸில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யா மீதான தனது 13ஆவது தடைத் தொகுப்பை வெளியிட்டது. ரஷ்யாவின் இராணுவத் தொழிற்றுறைக்குக் கைகொடுப்பதாகக் கருதப்பட்ட 27 நிறுவனங்கள் புதிதாகப் பட்டியலில் ஏறின. பெரும்பாலானவை ரஷ்ய நிறுவனங்கள். மற்றவை சீனா, இந்தியா, கஸகஸ்தான், சேர்பியா, தாய்லாந்து, துருக்கி ஆகிய நாடுகளில் பதிவானவை. அந்த வரிசையில் இலங்கையின் பெயரும் இருந்தது.

பட்டியலில் ஏறிய நிறுவனத்துக்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் இலத்திரனியல் சில்லு வாங்குவதும் இனிப் பெரும்பாடு. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, பிரித்தானியா, ஜப்பான் ஆகியவை கூடி, ரஷ்யாவுக்குப் போகவே கூடாதவை என்று 50 சுங்கக் குறியீடுகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. அவற்றின் முதல் வரிசையில் துப்பாக்கியும் இல்லை, குண்டும் இல்லை. ஒருங்கிணைந்த மின்சுற்றுகள்தான் இருக்கின்றன. வீட்டுச் சாதனங்களுக்குள் இருக்கும் அதே வகைச் சில்லுகள், உக்ரேன் நகரங்களில் விழுந்த ஏவுகணைகளின் சிதைவுகளிலும் கிடைத்தன.

வீட்டுக்கும் உதவி, போருக்கும் உதவும் இத்தகையவற்றை ஏற்றுமதிச் சட்டங்கள் 'இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்கள்' என்கின்றன. இந்தச் சொல்லைக் கேள்விப்படாதவர்கள் கொழும்பின் வெள்ளவத்தையில் இருக்கலாம். ஆனால் அப்படியொரு பொருளைப் பையில் வைத்திருந்து சோதனைச் சாவடியில் பறிகொடுத்தவர்கள், ஐம்பது வயதை நெருங்கியவர்களில், நிறையப் பேர்.

பட்டியலோடு வாழ்ந்த ஊர்

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் வெடித்தது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. ரயில் வவுனியாவோடு நின்றது. அவசரகாலச் சட்டத்தின் கீழ், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குக் கொண்டுபோகக் கூடாத பொருள்களின் பட்டியல் வந்தது. வெடிமருந்து, தொலைநோக்கி, திசையறி கருவி, இராணுவச் சீருடை போன்ற துணி எல்லாம் அதில் இருந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனால் பட்டியல் அங்கே நிற்கவில்லை. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்புக் கம்பி, யூரியா, பற்றரி, மெழுகுதிரி, சவர்க்காரம், சொக்லேட்டு என்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தரப்பிடம் ஒரு காரணம் இருந்தது. யூரியா வெடிமருந்தாகும். சீமெந்து பதுங்குகுழியாகும். பற்றரி கண்ணிவெடியை இயக்கும். சொக்லேட்டு காட்டில் கிடப்பவனுக்குத் தெம்பு தரும். தனித்தனியே எடுத்தால் எதையும் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் குடாநாட்டில் ஆயுதம் தூக்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், மக்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். பட்டியல் இரு தரப்பையும் ஒரே கொள்வனவாளராகவே கண்டது.

யாழ்ப்பாணம் அதற்குத் தன் வழியில் பதில் சொன்னது. பஞ்சையும் சின்னத் திரியையும் வைத்து, எண்ணெய் குறைவாகக் குடிக்கும் ஜாம் போத்தல் விளக்கு வீட்டுக்கு வீடு எரிந்தது. பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் உறுமத் தொடங்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். சவர்க்காரம் இல்லாத வீடுகளில் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். அச்சுத் தாள் வராத நாள்களில் 'உதயன்' பத்திரிகை கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தது.

இந்தப் பட்டியலின் மறுமுனை கொழும்பில் இருந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களில் தங்கியவர்கள் ஊருக்குத் திரும்புமுன் செய்யும் முக்கியமான வேலை, பையைக் கட்டுவதைவிடக் கட்டிய பையை ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பது. ரோர்ச் லைட்டுக்குள் பற்றரி இருக்கிறதா? பிள்ளைக்கு வாங்கிய விளையாட்டுக் காருக்குள் இருக்கிறதா? மருந்து துண்டில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் இருக்கிறதா? காலி வீதிக் கடையில் சில்லறைக்கு வாங்கிய ஒரு சோடி பென்டோர்ச் பற்றரி, வவுனியாவைத் தாண்டித் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் ஒருவரை மணிக்கணக்கில் விசாரணைக்கு இருத்திவிடக்கூடிய பொருளாக இருந்தது. கொழும்பில் கடை முழுக்கத் தொங்கிய சாமான் கிளாலிக் கடல்நீரேரிக்கு அப்பால் பல மடங்கு விலைக்குப் போனது. தடை இருந்த இடத்தில் கள்ளச் சந்தை இருந்தது, அதில் வரி வாங்கியவர்களும் இருந்தார்கள். சாவடியில் நின்றவர்கள் கண்ணை மூடியதற்கும் விலை இருந்தது.

1994 ஒகஸ்டில் ஆட்சிக்கு வந்த சந்திரிகா குமாரதுங்க, பட்டியலில் இருந்த பல பொருள்களுக்குத் தளர்வு கொடுத்தார். 1995 ஏப்ரலில் பேச்சு முறிந்து போர் மீண்டதும் கெடுபிடியும் மீண்டது. அந்த ஆண்டு முடிவில் யாழ்ப்பாணம் இராணுவத்திடம் போனது. பட்டியல் வன்னிக்கு இடம்பெயர்ந்தது.

மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 7 லீற்றர்

2001 டிசெம்பரில் ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கம் பதவியேற்றது. 2002 ஜனவரி 15 முதல் தடைகளில் பெரும்பகுதி நீங்கின. பெப்ரவரி 22இல் நோர்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அந்த உடன்படிக்கையில் எல்லைக்கோடு, ஆயுதக் களைவு, கண்காணிப்புக் குழு பற்றிய பிரிவுகளைப் பலரும் படித்திருப்பார்கள். அதன் கடைசியில் இருந்த முதலாம் இணைப்பைப் படித்தவர்கள் குறைவு. அது சாமான்களின் பட்டியல்.

இராணுவம் சாராத பொருள்கள் தடையின்றிப் போய்வர வேண்டும் என்று உடன்படிக்கையின் 2.6ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கான விதிவிலக்குகள் இணைப்பில் இருந்தன: வெடிபொருள், தொலை இயக்கிகள், முட்கம்பி, தொலைநோக்கி, திசையறி கருவி. இவற்றோடு சேர்ந்து நின்றது பென்டோர்ச் பற்றரி. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இரு தரப்பும் ஒப்பமிட்ட ஆவணத்திலும் அதற்கு விடுதலை கிடைக்கவில்லை.

எரிபொருள் கணக்கு இன்னும் நுணுக்கமானது. புலிகளின் பகுதியில் உள்ள வாகனங்களை அரசாங்க அதிபர் பதிவு செய்வார். அந்தப் பதிவை வைத்து அரசாங்கம் வாராந்தத் தேவையைக் கணக்கிடும். லொறிக்கும் பஸ்ஸுக்கும் வாரம் 250 லீற்றர். நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கு 310. இரண்டு சில்லு இயந்திரத்துக்கு 40. பெற்றோல் வாகனத்துக்கு 30. மீன்பிடிப் படகுக்கு 400. மோட்டார் சைக்கிளுக்கு 7. சீமெந்துக்கும் கம்பிக்கும் அரசாங்க அதிபரின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

இந்த இணைப்பைக் கேலி செய்வது சுலபம். ஆனால் முந்திய பட்டியலில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. முந்தியது கூடும், கூடாது என்று மட்டும் சொன்னது. இது யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று கேட்டது, பதிலைச் சரிபார்க்க ஓர் அதிகாரியை நியமித்தது, காலப்போக்கில் கட்டுப்பாட்டைக் குறைப்பதே நோக்கம் என்று எழுதியும் வைத்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு வல்லுநர்கள் 'இறுதிப் பயன்பாடு', 'இறுதிப் பயனாளர்' என்று பேசுவதை, கிளிநொச்சி மாவட்டக் கச்சேரி மோட்டார் சைக்கிள் கணக்கில் செய்ய வேண்டியிருந்தது. 2002 ஏப்ரல் 8இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஒகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை மூண்டு அது மூடப்பட்டபோது அந்தக் கணக்கும் முடிந்தது.

முத்திரையோடு வந்த வெடிமருந்து

பட்டியலுக்கு ஆதரவாகக் கொழும்பு சொல்லக்கூடிய வலுவான வாதம் 1996 ஜனவரி 31. அன்று காலை கோட்டையில் மத்திய வங்கி வாசலில் வெடித்த லொறி 91 பேரைக் கொன்றது. காயப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வேலைக்குப் போனவர்களும் அந்த வீதிகளில் இருந்தார்கள். வெடிமருந்துக்குத் தடை வேண்டுமா என்று அன்று யாரிடமும் கேட்டிருக்க முடியாது.

ஆனால் புலிகளின் வெடிமருந்து எப்படி வந்தது? 1994 ஒகஸ்டில் கருங்கடலின் நிகொலாயெவ் துறைமுகத்தில், உக்ரேனியத் தொழிற்சாலை ஒன்றில் வாங்கிய 60 தொன் வெடிமருந்து கப்பலேறியது. 50 தொன் ரி.என்.ரி, 10 தொன் ஆர்.டி.எக்ஸ். வாங்குவது பங்களாதேஷ் அரசு என்று இறுதிப் பயனாளர் சான்றிதழ் சொன்னது. சான்றிதழ் போலி. கப்பல் புலிகளுடையது. சரக்கு முல்லைத்தீவுப் பக்கம் இறங்கியது. அதிலிருந்த ஒரு பகுதிதான் மத்திய வங்கியில் வெடித்தது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். தாண்டிக்குளத்தில் பற்றரி தேடிய ஆண்டுகளில், அறுபது தொன் ஒரு முத்திரையிட்ட தாளோடு கடலைக் கடந்திருந்தது.

அடுத்தது இன்னும் விசித்திரம். 1997இல் இலங்கை இராணுவம் ஸிம்பாப்வேயின் அரச ஆயுத நிறுவனத்திடம் 81 மில்லிமீற்றர் மோட்டார் குண்டுகள் 32,400 வாங்கியது. இம்முறை சான்றிதழ் உண்மை, வாங்குபவரும் உண்மை. மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு கொழும்புக்கு வரவே இல்லை. ஜூலையில் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைநகல் வந்தது. கப்பலைத் தாங்கள் கைப்பற்றிவிட்டதாகப் புலிகளின் பெயரில் அது அறிவித்தது. அது கடத்தலே இல்லை, தொடக்கம் முதலே கப்பல் புலிகளின் கையில்தான் இருந்தது என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்லின. அரசு பணம் கொடுத்த குண்டுகள், வன்னியில் இராணுவம் நடத்திய ஜயசிக்குறு நடவடிக்கையின் களத்தில் அரச படைகள் மீதே விழுந்தன.

இரட்டைப் பயன்பாட்டுக்குப் பாடப்புத்தக உதாரணம் வானத்திலிருந்து வந்தது. செக் நாட்டுத் தயாரிப்பான ஸ்லின் 143, விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்கான சின்ன விமானம். 2007 மார்ச் 26இல் புலிகளின் கையில் அது கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டது. ஏப்ரல் 28 இரவு, உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நாடே விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கொழும்பின் விளக்குகள் சட்டென்று அணைந்தன. 29 அதிகாலை கொலன்னாவை, முத்துராஜவெல எண்ணெய் நிலையங்கள் தாக்கப்பட்டன. 2009 பெப்ரவரி 20இல் அதே வகை விமானம் ஒன்று கொழும்பில் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதி நொறுங்கியது.

வட அமெரிக்காவிலும் வழக்குகள் நடந்தன. நீர்மூழ்கி வடிவமைக்கும் மென்பொருளும் இரவில் பார்க்கும் கருவிகளும் புலிகளுக்கு வாங்க உதவியதாக, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த தமிழ் இளைஞர்கள் மீது 2006இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது. மென்பொருள் கடையில் விற்பது. அதை வாங்குபவர் யாருக்காக வாங்குகிறார் என்பதுதான் வழக்கு.

இரண்டு ஒன்பது வோல்ற் பற்றரி

அந்தக் கேள்வி தமிழ்நாட்டில் ஒருவரின் 31 ஆண்டுகளை விழுங்கியது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் 11இல் பேரறிவாளன் கைதானார். வயது 19. கொலைக்குப் பயன்பட்ட குண்டுக்காக இரண்டு ஒன்பது வோல்ற் 'கோல்டன் பவர்' பற்றரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. 1999இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தது.

2013இல், அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற சி.பி.ஐ அதிகாரி வி. தியாகராஜன் வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார். பற்றரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுத்தில் சேர்க்கவில்லை என்றார். 2014 பெப்ரவரியில் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இரட்டைப் பயன்பாட்டுப் பொருளின் சட்டம் முழுவதும் இந்த 'தெரியும்', 'தெரியாது' என்ற இடத்தில்தான் நிற்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு நிறுவனம் தான் அனுப்பும் பொருள் எங்கே போய்ச் சேரும் என்று அறிந்திருந்ததா, அறிய வேண்டிய இடத்தில் இருந்ததா என்று நிரூபிக்க அரசு சட்டத்தரணிகள் ஆண்டுக்கணக்கில் கோப்புகளைப் புரட்டுகிறார்கள். பெரும்பாலும் அபராதத்தோடு முடிகிறது.

கொழும்புக்கு வந்த உரிமங்கள்

இனி மறுபக்கம். பற்றரி வடக்கே போகாத அதே ஆண்டுகளில் பீரங்கியும் போர்விமானமும் தெற்கே எப்படி வந்தன?

ஐரோப்பாவில் விதி இல்லாமல் இல்லை. 1998இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆயுத ஏற்றுமதிக்கு எட்டு அளவுகோல்களை வகுத்தது. இரண்டாவது, வாங்கும் நாட்டின் மனித உரிமை நிலை. மூன்றாவது, அந்நாட்டுக்குள் நடக்கும் மோதலை ஆயுதம் நீடிக்குமா, மோசமாக்குமா என்பது. 2008 டிசெம்பர் 8இல் அவை உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமாயின. வன்னியில் கடைசிக் கட்டப் போர் உச்சத்தை எட்டிக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

போர் முடிந்து இரண்டு வாரத்தில், 2009 ஜூனில், லண்டன் 'டைம்ஸ்' அதிகாரபூர்வ ஏற்றுமதிப் பதிவுகளைத் தோண்டி எழுதியது. போரின் கடைசி மூன்று ஆண்டுகளில் பிரித்தானியா மட்டும் 1 கோடியே 36 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட இராணுவப் பொருள்களுக்கு உரிமம் வழங்கியிருந்தது. கவச வாகனம், இயந்திரத் துப்பாக்கி உதிரிப்பாகம், கைத்துப்பாக்கி எல்லாம் அதில் அடக்கம். ஸ்லோவாக்கியா 10,000 ரொக்கெட்டுகளை அனுப்பியிருந்தது. ஒகஸ்டில் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுக்கள், இலங்கைக்கான உரிமங்கள் அனைத்தையும் மீளாய்வு செய்யும்படியும், பிரித்தானியப் பொருள்கள் புலிகளுக்கு எதிரான போரில் எப்படிப் பயன்பட்டன என்று மதிப்பிடும்படியும் அரசைக் கேட்டன. மே மாதமே முடிந்த போருக்கு ஒகஸ்டில் மீளாய்வு.

அமெரிக்கா சற்று முந்தியது. 2007 டிசெம்பரில் காங்கிரஸ் நிறைவேற்றிய ஒதுக்கீட்டுச் சட்டம் இலங்கைக்கு இராணுவப் பொருள் விற்பதைக் கட்டுப்படுத்தியது. கடல், வான் கண்காணிப்புக் கருவிகளுக்கும் தொடர்பாடல் கருவிகளுக்கும் மட்டும் விலக்கு. அந்தக் கட்டுப்பாடு 2016இல்தான் நீங்கியது.

டெல்லியின் நிலை சிக்கலானது. தமிழ்நாட்டுக் கட்சிகளின் அழுத்தத்தால், தாக்குதல் ஆயுதம் கொடுப்பதில்லை என்று அது சொல்லி வந்தது. ரேடார் கொடுத்தது. ரோந்துக் கப்பலும் கொடுத்தது. 2000இல் இந்தியக் கடற்படையிடமிருந்து வந்த 'சரயு', இலங்கையில் 'சயுர' ஆனது. 2007இல் புலிகளின் ஆயுதக் கப்பல்களை ஆழ்கடலில் தேடிப்போய் மூழ்கடித்த அணியில் அந்தக் கப்பலும் இருந்தது. அதே 2007 மே இறுதியில் இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் சென்னையில் வெளிப்படையாகவே பேசினார். இலங்கைக்கு என்ன தேவையோ அதை இந்தியாவிடம் கேட்க வேண்டும், சீனாவிடமும் பாகிஸ்தானிடமும் போகக்கூடாது என்பது அவர் பேச்சின் சாரம். எது ஆயுதம் என்பதைவிட யாரிடமிருந்து ஆயுதம் என்பதே பெரிய கவலையாக இருந்தது.

கொழும்பு யாரிடமும் தயங்காமல் போனது. இஸ்ரேலின் கிபிர் விமானம், டுவோரா படகு, ரஷ்ய ஹெலிகொப்டர், சீனப் போர்விமானம், பாகிஸ்தானின் வெடிபொருள். ஒருவர் மறுத்தால் இன்னொருவர் தந்தார். 2006இல் உக்ரேனிலிருந்து வாங்கிய மிக்-27 விமானங்களின் பணம் எந்த வழியாகப் போனது என்று 'சண்டே டைம்ஸ்', 'சண்டே லீடர்' பத்திரிகைகள் கேள்வி எழுப்பின. 2015க்குப் பிறகு பொலிஸ் நிதிக் குற்ற விசாரணைப் பிரிவு அந்தக் கோப்பைத் திறந்தது. விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

ஆட்களுக்கும் வந்த பட்டியல்

2007 ஜூன் 7 விடியுமுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களின் கதவுகளைப் பொலிஸார் தட்டினார்கள். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருப்பவர்கள் ஊருக்குப் போக வேண்டும் என்றார்கள். 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தவர்கள், மருத்துவத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

பற்றரிக்குப் போட்ட அதே கணக்குத்தான் இங்கே ஆளுக்குப் போடப்பட்டது. நல்லதற்கும் வந்திருக்கலாம், கெட்டதற்கும் வந்திருக்கலாம், தனித்தனியே விசாரிக்க நேரமில்லை, எல்லாரும் போகட்டும். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத்தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க சில நாளில் அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். சாமான்களின் பட்டியலுக்கு அப்படி யாரும் வருத்தம் தெரிவித்ததில்லை.

இந்தக் கணக்கு இலங்கையோடு முடியவில்லை. 2007 முதல் காஸாவுக்குள் போகும் பொருள்களை இஸ்ரேல் கட்டுப்படுத்தியபோது, கொத்தமல்லியும் ஜாமும் சொக்லேட்டும்கூட நிறுத்தப்பட்டதை இஸ்ரேலிய மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. 2010 ஜூனில் உலக நெருக்குதலால் உணவுப் பொருள்கள் விடுவிக்கப்பட்டன. சீமெந்தும் கம்பியும் இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலில் நின்றன. யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கு அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டினால் அடுத்து என்ன வரும் என்று அவரே சொல்லிவிடுவார்.

துறைமுகத்தின் வாசலில்

கொட்டாஞ்சேனையிலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். கொழும்புத் துறைமுகம் 2023இல் சுமார் 70 இலட்சம் இருபதடிக் கொள்கலன்களைக் கையாண்டது. பெரும்பகுதி இலங்கைக்கு வருவதே இல்லை. ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிப் போகும் மீளேற்றுச் சரக்கு அது. 2005 முதல் அமெரிக்காவின் கொள்கலன் பாதுகாப்புத் திட்டத்தில் கொழும்பு இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் பெட்டிகளை இங்கேயே வடிகட்டுகிறார்கள். மற்ற நாடுகளுக்குப் போகும் பெட்டிக்குள் இருக்கும் சில்லு கடைசியில் எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது என்பது சரக்குப் பட்டியலைப் பார்த்துத் தெரியும் விஷயம் இல்லை. 2024இல் இலங்கையின் பெயர் பிரசெல்ஸ் பட்டியலில் ஏறியதன் பின்னணி இதுதான்: தடையுள்ள நாட்டுக்குப் பொருள் நேராகப் போவதில்லை, சிறிய நாட்டின் சிறிய நிறுவனம் ஒன்றின் பெயரில் சுற்றிப் போகிறது.

இதைக் கையாளும் இலங்கைச் சட்டங்கள் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. சுங்கக் கட்டளைச் சட்டம் ஒரு பக்கம், 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க ஏற்றுமதி இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு பக்கம், 2007இன் இரசாயன ஆயுதச் சட்டம், 2014இன் அணுசக்திச் சட்டம் வேறு பக்கங்கள். வோக்கிடோக்கிக்குத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவிடம் போக வேண்டும். ட்ரோனுக்குப் பாதுகாப்பு அமைச்சிடமும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடமும் போக வேண்டும். காலி வீதியில் ட்ரோன் வாங்கும் கல்யாண ஒளிப்படக்காரருக்கு இந்த வரிசை நன்றாகத் தெரியும்.

பொருளைப் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை என்பதைக் கொட்டாஞ்சேனை இரத்தத்தில் கண்டது. 2019 ஜனவரியில் புத்தளம் வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் சுமார் 100 கிலோ வெடிமருந்தைப் பொலிஸார் கைப்பற்றினார்கள். ஏப்ரல் 4இல் இந்தியாவிடமிருந்து எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்பட ஆறு இடங்களில் குண்டுகள் வெடித்தன. கொல்லப்பட்டவர்கள் 260க்கும் மேல். பொருள் கையில் இருந்தது, தகவலும் கையில் இருந்தது. கைப்பற்றிய பொருள் யாருடையது, அடுத்தது எங்கே என்ற விசாரணையை முடித்து வைக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் எல்லாம் நழுவிவிட்டதை ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை பக்கம் பக்கமாகச் சொன்னது.

உலக அளவில் இந்தக் கேள்விகளுக்கென்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 2013 ஏப்ரல் 2இல் ஐ.நா. பொதுச் சபை ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தை ஏற்றது. 2014 டிசெம்பர் 24இல் அது நடைமுறைக்கு வந்தது. விற்கும் நாடு, தன் ஆயுதம் போர்ச் சட்டங்களைப் பாரதூரமாக மீறப் பயன்படுமா என்று முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். பெரிய ஆபத்து தெரிந்தால் உரிமம் மறுக்க வேண்டும். அன்றைய வாக்கெடுப்பில் இந்தியாவும் இலங்கையும் வாக்களிக்காமல் விலகி நின்றன. சீனா 2020இல் சேர்ந்துவிட்டது. இலங்கை நிலக்கண்ணி ஒப்பந்தத்தில் 2017இலும் கொத்துக்குண்டு ஒப்பந்தத்தில் 2018இலும் சேர்ந்தது. இதில் மட்டும் சேரவில்லை.

ஆயுதம் விற்காத நாட்டுக்கு இந்த ஒப்பந்தம் எதற்கு என்று கேட்கலாம். அதன் 13ஆம் பிரிவு இறக்குமதியையும் தொடுகிறது. உறுப்பு நாடு ஒவ்வோர் ஆண்டும் மே 31க்குள், முந்திய ஆண்டில் விற்ற ஆயுதங்களோடு வாங்கிய ஆயுதங்களின் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். தேசியக் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஒன்றும் பொறுப்பான அதிகாரசபை ஒன்றும் இருக்க வேண்டும். தன் நிலத்தின் ஊடாகப் போகும் மீளேற்றுச் சரக்கையும் தேவையான இடத்தில் கட்டுப்படுத்த வழி இருக்க வேண்டும். மூன்றும் கொழும்புக்கு நேராகப் பொருந்துகின்றன. மிக்-27 போன்ற கொள்வனவுகளில் எந்த நாட்டிடமிருந்து எத்தனை வந்தன என்பது, பத்திரிகையாளர் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துத் தோண்டும்வரை காத்திராமல், ஆண்டறிக்கை ஒன்றில் இருக்கும். சில நாடுகள் அந்த அறிக்கையை இரகசியமாக வைத்துக்கொள்கின்றன என்பதும் உண்மை. சேர்வதா, சேர்ந்தால் அறிக்கையைப் பகிரங்கப்படுத்துவதா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் பாதுகாப்பு அமைச்சும் வெளிவிவகார அமைச்சும். அவர்களை அழைத்துக் கேட்கும் அதிகாரம் நாடாளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுக்களுக்கு இருக்கிறது.